தூரத்து வரிசையில் நிறுத்திய கார்

2006 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்துக்கு வந்து சேர்ந்தேன். டெட்ராய்ட் நகரத்துக்கு மேற்கே, கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. மூன்றாவது வாரம், புதிதாக வாங்கிய பழைய காரை ஓட்டிக்கொண்டு பெருமையாக வேலைக்குப் போனேன். வாசலுக்கு நேரே காலியாக இருந்த இடத்தில் நிறுத்தப் போகும்போது காவலர் கண்ணாடியைத் தட்டினார். ஒரு பலகையைக் காட்டினார். அமெரிக்கப் பெயர் கொண்ட கார்களுக்கு மட்டும்தான் அந்த இடம். என் காரில் ஜப்பானியப் பெயர் இருந்தது. வேலியோரத்துக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். அங்கிருந்து வாசலுக்கு ஏழு நிமிட நடை. பூஜ்ஜியத்துக்குப் பதினைந்து டிகிரி கீழே, முகத்தில் பனிக்காற்று அடிக்க, மதுரையில் வாங்கிய செருப்புக் கடை ஷூவோடு நடந்தேன்.

அந்தக் காரை வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்கக அறையில் நான்கு பேர். மூத்தவர் தூத்துக்குடிக்காரர், வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. கார் விஷயத்தில் அவர் சொல்தான் வேதம். "இரண்டே பெயர்தான் தம்பி. அந்த இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்றார். கோவில் வாகன நிறுத்துமிடத்தில் ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால் அவர் சொன்னது சரி என்றுதான் தோன்றும். வரிசை வரிசையாக டொயோட்டாவின் கேம்ரி, கரோலா, ஹோண்டாவின் அக்கார்ட், சிவிக். நானும் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டேன். 1998ஆம் ஆண்டு மாடல், 1,28,000 மைல் ஓடியது, 3,800 டாலர். சாலையோர விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். பராமரிப்புக் காகிதம் ஒன்றுகூட இல்லை. கேட்கவும் இல்லை. உட்கார்ந்து பார்த்தேன், ஏ.சி. போட்டுப் பார்த்தேன், பாட்டுப் போட்டுப் பார்த்தேன். ஜனவரியில் எதற்கு ஏ.சி. போட்டுப் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஏழாவது மாதம், நெடுஞ்சாலையில் எழுபது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் ஒரு சத்தமும் இல்லாமல் அணைந்தது. கயிற்றை அறுத்துவிட்டது போல. ஓரம் கட்டி, இழுவை வண்டியை அழைத்து, லிவோனியாவில் ஒரு சிறிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். நடத்தியவர் அறுபதைக் கடந்த வெள்ளைக்காரர். மூடியைத் திறக்கும் முன்பே கேட்டார்: "டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள்?"

அப்படி ஒரு பொருள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இன்ஜினுக்குள் பிஸ்டனும் வால்வும் முறை மாறாமல் ஏறி இறங்க வைக்கும் ரப்பர் பட்டை அது. ஏறத்தாழ 90,000 முதல் 1,05,000 மைலுக்குள் மாற்ற வேண்டும் என்று அந்தக் காரின் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. மாற்றாமல் விட்டால் அறுந்துவிடும். சில இன்ஜின்களில் அறுந்தால் நின்றுபோவதோடு சரி. என்னுடைய வகை இன்ஜினில் பிஸ்டன் போய் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். செலவு 2,600 டாலர் என்றார். பழைய இரும்புக்குப் போட்டேன், 250 டாலர் கிடைத்தது.

காரின் மேல் பழி இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவரும் பெயரை நம்பித்தான் பெல்ட்டை மறந்திருப்பார். "இந்தப் பெயர்க் கார்கள்தான் என் கடைக்கு இப்படி அதிகம் வருகின்றன" என்றார் பட்டறைக்காரர். "மற்ற கார் வைத்திருப்பவன் பயந்து பயந்து பார்த்துக்கொள்கிறான். இதை வைத்திருப்பவன் எண்ணெய்கூட மாற்றுவதில்லை."

அவரோடு பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான். அடுத்த கார் வாங்குவதற்கு முன் அவரிடம் காட்டுவது என்று முடிவுசெய்தேன். 80 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பார்ப்பார். நான் கொண்டுபோன முதல் இரண்டு கார்களையும் வேண்டாம் என்றார். இரண்டும் ஜப்பானியப் பெயர்கள்தான். முதலாவதைத் தூக்கி நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரால் அடிச்சட்டத்தைக் குத்தினார். முனை உள்ளே போய்விட்டது. பிஸ்கட் போல உதிர்ந்தது இரும்பு.

இங்கே உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் சாலை உறையாமல் இருக்க டன் கணக்கில் கல்லுப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கு மேல் ஆழத்தில், ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. தூத்துக்குடி அண்ணன் இதைக் கேட்டுச் சிரித்தார். உப்பளத்துப் பக்கம் சைக்கிள் வைத்திருந்தவருக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அவர் எட்டு வருடமாகத் தன் காருக்கு அடியில் குனிந்து பார்த்ததே இல்லை. மிச்சிகனில் ஆண்டுதோறும் வாகனத் தகுதிச் சோதனை என்ற ஒன்று கிடையாது. ஆகவே, அடியில் ஓட்டை விழுந்த கார்கூடப் பளபளப்பாக மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு நிற்கும்.

துருவுக்கும் ஜப்பானியக் கார்களுக்கும் நீண்ட உறவு. 1970களில் வந்த கார்களின் தகரம் உப்புச் சாலையில் சில வருடங்களிலேயே பொத்தலாகிவிடும் என்று பட்டறைக்காரர் சொல்வார். ஏதோ பழைய கதை என்று நினைத்தேன். 2008இல் டொயோட்டா, 1995 முதல் 2000 வரையிலான டகோமா பிக்-அப் வண்டிகளின் சட்டம் துருவேறி வீணாவதை ஏற்றுக்கொண்டு, மோசமானவற்றைச் சந்தை விலையைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதற்கு மேல் எந்தப் பெயரையும் நம்பி ஸ்க்ரூடிரைவரை வீட்டில் வைத்துவிட்டுப் போனதில்லை.

அந்தப் பட்டறைக்காரருக்கு ஒரு கதை இருந்தது. பல மாதங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். ஒரு கார்த் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் கதவு பொருத்தியவர். 1980இல் ஆட்குறைப்பில் வேலை போனது. அதற்கு அடுத்த கோடையில் ஏதோ நிதி திரட்டும் விழாவில் ஒரு பழைய ஜப்பானியக் காரை நிறுத்தி வைத்து, ஒரு டாலர் கொடுத்தால் சம்மட்டியால் அடிக்கலாம் என்றார்களாம். இவரும் கொடுத்து அடித்தார். "மூன்று அடி அடித்தேன். கதவு கோணியது. பிறகு கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன், திறந்தது. பத்தொன்பது வருடம் கதவு மாட்டியவன் நான். அன்றிரவு தூங்கவில்லை" என்றார்.

அந்தக் காலத்தின் கசப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1982 ஜூனில் டெட்ராய்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில், வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞரை, ஒரு கார் நிறுவன மேற்பார்வையாளரும் அவருடைய வளர்ப்பு மகனும் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். உங்களால்தான் எங்களுக்கு வேலை இல்லை என்ற ஆத்திரம். சின் ஜப்பானியர்கூட இல்லை. சில நாட்களில் திருமணம் நடக்க இருந்தது. நீதிமன்றம் கொடுத்தது மூன்றாண்டு நன்னடத்தைக் காலமும் 3,000 டாலர் அபராதமும்; ஒரு நாள் சிறைகூட இல்லை. ஒரு பழைய காரின் விலைக்குப் போய்விட்டது ஓர் உயிர். இதைப் படித்த பிறகு, அந்தக் காவலர் காட்டிய பலகையை நான் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று தேடியபோதுதான் முழுக் கதையும் விரிந்தது. ஆரம்பத்தில் ஜப்பானியக் கார் என்றால் கேலிதான். 1957 அக்டோபரில் டொயோட்டா, கலிபோர்னியாவின் ஹாலிவுட்டில் விற்பனை அலுவலகம் திறந்தது. 1958 முழுவதும் விற்ற டொயோபெட் கிரவுன் கார்கள் 287. கூடவே ஒரே ஒரு லேண்ட் க்ரூஸர். ஜப்பானின் குண்டும் குழியுமான சாலையில் டாக்சியாக ஓடத் தோதான கனத்த வண்டி கிரவுன். அமெரிக்க நெடுஞ்சாலையில் வேகம் கூட்டினால் இன்ஜின் கொதித்தது, மேட்டில் ஏறத் திணறியது. சில வருடத்தில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். 1968இல் வந்த சுபாரு 360 இன்னும் மோசம். 1,297 டாலர் விலை. மறு வருடமே நுகர்வோர் பத்திரிகை ஒன்று அதை ஏற்கத்தகாத கார் என்று அறிவித்தது.

தோற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. டொயோட்டா ஊருக்குத் திரும்பி, அமெரிக்கச் சாலைக்கென்றே வலுவான இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியரும் வைத்து 1965இல் கொரோனாவை அனுப்பியது. (அந்தப் பெயர் பின்னாளில் என்ன பாடுபட்டது என்று யார் நினைத்திருப்பார்கள்!) அடுத்து 1968இல் கரோலா. நிசானில் யுடாகா கட்டயாமா என்று ஒருவர். கலிபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு, இந்த ஊர்க்காரனுக்கு என்ன வேண்டும் என்று தலைமையகத்தோடு ஓயாமல் மல்லுக்கட்டினார். நிசான் அப்போது டாட்சன் என்ற பெயரில் விற்ற 510, அதன் பின் 240இஸட் வந்ததில் அவர் பங்கு பெரிது.

ஹோண்டாவின் கதைக்கு எங்கள் ஊரிலேயே ஒரு கிளை இருக்கிறது. கார் புகையைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய 1970இன் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றுவது மிகக் கடினம் என்று டெட்ராய்டின் பெரிய நிறுவனங்கள் வாஷிங்டனில் முறையிட்டுக்கொண்டிருந்த நேரம். 1972 டிசம்பரில் ஹோண்டா, குறைந்த நச்சுப் புகை விடும் தன் சி.வி.சி.சி. இன்ஜினை ஆன் ஆர்பரில் உள்ள அரசுச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுவந்து தேர்ச்சி பெற்றது. புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி வைக்காமலேயே. சின்ன இன்ஜினில்தான் அது நடக்கும் என்று சொன்னவர்களுக்காக ஒரு செவ்ரோலே இம்பாலாவின் பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜினிலும் அதே அமைப்பைப் பொருத்திக் காட்டினார்கள். கோட்டைக்குள்ளேயே வந்து, கோட்டைக்காரர்களின் குதிரையிலேயே ஏறி ஓட்டிக் காட்டியது போல. ஆன் ஆர்பர் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்.

1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. பெட்ரோல் நிலையங்களில் வரிசை. 1979இல் ஈரானியப் புரட்சியால் மீண்டும் அதே நிலை. கேலன் கேலனாகப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே ஓடும் பெரிய கார்களைச் செய்தவர்கள் விழித்தார்கள். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் சின்ன ஜப்பானியக் கார்களை மக்கள் தேடி வாங்கினார்கள். மிச்சம் வரலாறு எல்லோருக்கும் தெரியும்.

தெரியாத ஒன்று: 1981இல் அமெரிக்காவின் நெருக்கடியால் ஜப்பான், ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டது. ஜப்பானியக் காரை அடக்கத்தான் இந்த ஏற்பாடு. நடந்தது நேர்மாறு. எண்ணிக்கைக்குத் தடை இருந்தால், ஒவ்வொரு காரிலும் அதிக லாபம் பார்ப்பதுதானே வியாபாரம்? பெரிய கார், விலை கூடிய கார் என்று போனார்கள். 1986இல் ஹோண்டாவின் சொகுசுப் பெயரான அக்யூரா, 1989இல் டொயோட்டாவின் லெக்ஸஸும் நிசானின் இன்ஃபினிட்டியும் பிறந்தன. இன்னொரு வழி, கடல் கடந்து அனுப்பாமல் இங்கேயே செய்வது. 1982 நவம்பரில் ஒஹாயோ மாநிலம் மேரிஸ்வில்லில் முதல் ஹோண்டா அக்கார்ட் வெளிவந்தது. அமெரிக்க மண்ணில் செய்யப்பட்ட முதல் ஜப்பானியப் பெயர்க் கார். அந்தக் காரே டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபோர்டின் சொந்த ஊரில், அவர் பெயரிலேயே உள்ள கட்டடத்தில்! மகளோடு போயிருந்தபோது அந்தக் காருக்கு எதிரே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். அவள் பசிக்கிறது என்றாள்.

இனி என் இரண்டாவது கார். 2006 கடைசியில், பட்டறைக்காரர் தலையசைத்த மூன்றாவது கார் ஒரு 2003 கரோலா. 62,000 மைல், 8,900 டாலர். டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாக அதில் சங்கிலி. மாற்றும் கெடு கிடையாது. எண்ணெயை மட்டும் ஒழுங்காக மாற்றினால் போதும். முந்தைய உரிமையாளர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை; ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் தேதி வாரியாக வைத்திருந்தார். அந்த டப்பாவுக்காகவே 500 டாலர் கூடுதலாகக் கொடுக்கலாம்.

பட்டறைக்காரர் கண்ணாடிக்குக் கீழே குனிந்து, ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான 17 இலக்க வின் எண்ணைப் படித்தார். பிறகு சிரித்தார். "முதல் எழுத்தைப் பாருங்கள்."

முதல் இலக்கம் 1. ஜப்பானில் செய்திருந்தால் அங்கே ஜே என்ற எழுத்து இருக்கும். 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ. என் காரில் 1, அடுத்து என், எக்ஸ். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருந்த நம்மி என்ற தொழிற்சாலையின் அடையாளம் அது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆலையாக இருந்தது, 1982இல் மூடப்பட்டது. வேலைக்கு வராமை, சண்டை, வேலைநிறுத்தம் என்று பெயரெடுத்த இடம். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தபோது பெரும்பாலும் பழைய தொழிலாளிகளையே எடுத்தார்கள், சங்கமும் அதே ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம்தான். மாறியது வேலை முறை. குறை கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம். அதே ஆட்களின் கையில் தரமான கார் வந்தது.

ஆகவே அமெரிக்கச் சங்கத் தொழிலாளி, அமெரிக்க ஆலையில் செய்த என் கரோலா, தொழிற்சாலையில் தூரத்து வரிசையில் நின்றது. வாசலுக்குப் பக்கத்தில் சக ஊழியர் ஒருவரின் பான்டியாக் வைப் நின்றது. வைப்பும் ஃப்ரீமாண்டில், அதே கூரையின் கீழ் செய்ததுதான். டொயோட்டா மேட்ரிக்ஸின் உடன்பிறப்பு. அவருடைய அடிப்படை மாடலில் இருந்தது என் காரில் இருந்த அதே 1.8 லிட்டர் இன்ஜின். பலகையைக் காவலரிடம் காட்டி விளக்கலாமா என்று யோசித்தேன். ஒப்பந்த ஊழியன், விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த உண்மை எனக்குப் பணம் மிச்சப்படுத்தியது. பெயர்ப் பலகை வேறு, உள்ளே அதே கார் என்றால் விலை மட்டும் ஏன் வேறு? வைப்பும், 2002 வரை வந்த செவ்ரோலே பிரிஸமும் பழைய கார்ச் சந்தையில் கரோலாவைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. அறைக்குப் புதிதாக வந்த மூன்று பையன்களுக்கு வைப் வாங்கிக்கொடுத்தேன். முகம் சுளித்துக்கொண்டேதான் வாங்கினார்கள். ஊரில் அப்பாவிடம் பான்டியாக் என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும் என்றான் ஒருவன். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி பான்டியாக் பெயரையே மூடியபோது விலை இன்னும் இறங்கியது. உதிரிபாகம் டொயோட்டா கடையில் தாராளமாகக் கிடைத்தது. இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அந்த இன்ஜினின் 1998 முதல் 2002 வரையிலான பதிப்பு எண்ணெய் குடிக்கும். வாங்கும் முன் அளவுக்கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். வாங்கிய பின் மாதம் இரண்டு முறை.

2009, 2010இல் தானாக வேகமெடுக்கும் புகார்களால் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற்றது. வாடிக்கையாளர்களிடம் உண்மையை மறைத்த வழக்கில் 2014இல் 120 கோடி டாலர் கட்டியது. அதன் பின் தகாடா ஏர்பேக். பழசானால் வெடித்து உலோகத் துண்டுகளை வீசும் அந்த ஏர்பேக்குகளை அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6.7 கோடி திரும்பப் பெற வேண்டியிருந்தது. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா கார்களில், விபத்தில் அது வெடிக்கும் வாய்ப்பு ஐம்பது சதவீதம் வரை இருக்கலாம் என்று 2016இல் அரசே எச்சரித்தது. நண்பர் ஒருவர் மகளுக்கென வாங்கவிருந்த காரின் வின் எண்ணை, நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக் மாற்றப்படவில்லை என்று வந்தது. விற்பவருக்கே தெரியாது. முகவர் கடையில் இலவசமாக மாற்றிய பிறகுதான் வாங்கினோம். இரண்டு நிமிட வேலை அது. இன்று யார் என்னிடம் கார் கேட்டு வந்தாலும் முதலில் வின் எண்ணைத்தான் அனுப்பச் சொல்கிறேன். படம் அனுப்பினால் பதில் போடுவதில்லை.

வின் எண்ணுக்குப் பிறகு உரிமைப் பத்திரம். விபத்தில் நொறுங்கியோ வெள்ளத்தில் மூழ்கியோ காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட வண்டியைச் சீர்செய்து விற்பார்கள். பத்திரத்தில் அந்த முத்திரை இருக்கும். விலை மலிவாக இருக்கிறதே என்று ஆசைப்பட்ட இரண்டு பேரைத் தடுத்திருக்கிறேன், ஒருவரைத் தடுக்க முடியவில்லை. பிறகு, இரவு முழுக்க நின்று குளிர்ந்த இன்ஜினை நாமே போய்க் கிளப்பிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

நம்மி ஆலை 2010 ஏப்ரல் 1இல் மூடப்பட்டது. அதே கட்டடத்தில் இப்போது டெஸ்லா கார் செய்கிறார்கள். பட்டறைக்காரர் 2015 வரை கடை நடத்தினார். கடைசிவரை ஜப்பானியப் பெயர்க் கார் எதையும் சொந்தமாக வாங்கவில்லை. "பழுதுபார்த்தே போதும் போதும் என்றாகிவிட்டது" என்பார், சிரித்துக்கொண்டு.

கரோலாவை 2019இல் விற்றேன். 2,31,000 மைல். வாங்க வந்தவன், பல வருடம் முன்பு நான் வைப் வாங்கிக்கொடுத்த பையன்களில் ஒருவனுடைய தம்பி, படிக்க வந்தவன். பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தேன். அதை வாங்கி இருக்கையில் வைத்துவிட்டு, அட்டை ஒன்றைப் பனி உருகிய தரையில் விரித்து, டார்ச்சோடு காருக்கு அடியில் நுழைந்தான். ஸ்க்ரூடிரைவர் தட்டும் சத்தம் கேட்டது. முன்பக்கம், நடு, பின்பக்கம். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சத்தம் நின்றது.

"அண்ணா, இங்கே உள்ளே போகிறது" என்றான்.

குனிந்து பார்த்தேன். போயிருந்தது. 300 டாலர் குறைத்துக்கொண்டேன்.